நீதிபோதனை வகுப்பா, பாடத்தோடு இணைப்பதா, மன்றமா, வெளிப்பேச்சாளரா? குமரி மாவட்டப் பள்ளிகளுக்கு ஓர் ஒப்பீடு

ஒவ்வோர் ஆண்டும் ஜூன் மாதத்தில் கால அட்டவணை போடும்போது ஆசிரியர்களிடமிருந்து ஏறத்தாழ ஒரே கேள்விதான் வருகிறது. நன்னெறிக்கென வாரத்தில் ஒரு பாடவேளை ஒதுக்கினால் கணக்கு ஆசிரியர் அதைக் கேட்கிறார். ஒதுக்காவிட்டால் பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர் கேட்கிறார்கள். பாடம் நடத்தும்போதே விழுமியங்களையும் சேர்த்துச் சொல்லலாம் என்று ஒருவர் சொல்கிறார். சாரணர் இயக்கமும் ஜூனியர் ரெட் கிராஸும் (ஜேஆர்சி) இருக்கும்போது வேறெதுவும் தேவையில்லை என்கிறார் இன்னொருவர். இலவசமாக வந்து வகுப்பெடுக்கத் தயாராக இருக்கும் ஓர் அமைப்பின் கடிதம் தலைமையாசிரியரின் மேசையில் கிடக்கிறது. இந்த நான்கு வழிகளையும் குமரி மாவட்டப் பள்ளிகளின் நிலையை முன்னிறுத்தி எடைபோட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

எதை வைத்து எடைபோடுவது

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இம்மாவட்டத்தில் இந்துக்கள் ஏறத்தாழ 49 விழுக்காட்டினர், கிறிஸ்தவர்கள் 47 விழுக்காட்டினர், முஸ்லிம்கள் 4 விழுக்காட்டினர். இந்துக்கள் என்று கணக்கிடப்பட்டவர்களுள் அய்யாவழியைத் தனி வழிபாட்டு நெறியாகப் போற்றும் குடும்பங்களும் கணிசமாக உள்ளன. தமிழ்நாட்டின் வேறெந்த மாவட்டத்திலும் ஒரே வகுப்பறையில் இத்தனை சமமான கலப்பு இராது. 1982-இல் மண்டைக்காட்டில் மூண்ட இந்து–கிறிஸ்தவர் கலவரத்தைக் கண்ணால் கண்டவர்கள் இன்று தாத்தா பாட்டிகளாக நம்மிடையே இருக்கிறார்கள். ஆகவே, எந்த வழியைத் தேர்ந்தாலும் நான் முதலில் கேட்பது இதுதான்: அந்த வகுப்பு நடக்கும்போது எல்லா மதத்துப் பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்களா? மற்ற அளவுகோல்கள் எல்லாம் இதற்குப் பிறகுதான்.

இதற்குச் சட்டத்தின் பக்கமும் உண்டு. முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளியில் மதபோதனை கூடாது என்பதும், அரசு அங்கீகாரமோ உதவியோ பெறும் பள்ளியில் பெற்றோரின் இசைவின்றி எந்த மாணவரையும் மதபோதனையிலோ வழிபாட்டிலோ பங்குகொள்ளச் செய்யக்கூடாது என்பதும் அரசமைப்பின் 28ஆம் பிரிவு வகுத்த எல்லைகள். உதவிபெறும் பள்ளிகள் நிறைந்த நம் மாவட்டத்தில் இரண்டாவது எல்லைதான் அடிக்கடி மறக்கப்படுகிறது.

அடுத்து, பிள்ளை எதையாவது தானே முடிவுசெய்கிறதா, அல்லது கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பொறுப்பெடுத்த ஆசிரியர் இடமாறுதல் கலந்தாய்வில் வேறு பள்ளிக்குப் போய்விட்டால் அந்த வேலை தொடருமா என்பதும், ரப்பர் பால்வெட்டுக்கும் கடலுக்கும் போகிற வீடுகளின் பிள்ளைகளுக்கு அதனால் செலவு ஏற்படுமா என்பதும் மீதமுள்ள இரண்டு அளவுகோல்கள்.

தனிப் பாடவேளை

நன்னெறிக்குக் கால அட்டவணையில் வாரம் ஒன்றிரண்டு பாடவேளை ஒதுக்க வேண்டும் என்பது 1964–66 கோத்தாரி ஆணையம் முன்வைத்த பரிந்துரை. தமிழ்நாட்டில் இதற்குப் புதிய வலுவைத் தந்தது உயர்நீதிமன்ற மதுரைக் கிளை 2016-இல் திருக்குறள் பற்றி வழங்கிய தீர்ப்பு. அதைத் தொடர்ந்து 2017-இல் வந்த அரசாணை, அறத்துப்பாலிலும் பொருட்பாலிலும் இருந்து 105 அதிகாரங்களை ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை, வகுப்புக்கு 15 அதிகாரம் என்று பிரித்துக் கொடுத்தது. ஆசிரியருக்குக் கையில் ஒரு நூல் இருக்கிறது, எவ்வளவு நடத்த வேண்டும் என்ற அளவு இருக்கிறது, எந்த மதத்துப் பெற்றோரும் மறுப்புச் சொல்ல மாட்டார்கள். தனிப் பாடவேளையின் பெரும் பலம் இதுவே.

ஆனால் அந்த நூலை எப்படிக் கையாள்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வாய்மை அதிகாரத்தை எடுத்துக்கொள்வோம். குற்றமற்ற நன்மையைத் தருமானால் பொய்யும் வாய்மையின் இடத்தில் வைக்கத் தக்கது என்று அதன் இரண்டாவது குறள் சொல்கிறது. இதை மனப்பாடம் செய்யச் சொன்னால் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். “கூட்டுக்காரன் வீட்டுப்பாடம் செய்யவில்லை; டீச்சர் கேட்டபோது அவனுக்குக் காய்ச்சல் என்று நீ சொன்னாய். அது இந்தக் குறளுக்குள் வருமா?” என்று எட்டாம் வகுப்பில் கேட்டுப் பாருங்கள். வரும் என்று ஒரு பக்கம் சொல்வார்கள், அவனுக்கு என்ன நன்மை கிடைத்தது என்று மறுபக்கம் கேட்பார்கள், ‘குற்றமற்ற’ என்ற நிபந்தனையை யாராவது ஒரு பிள்ளை பிடித்துக்கொள்ளும். அந்தப் பாடவேளையில் அதற்கு மேல் ஆசிரியர் எதையும் சேர்க்க வேண்டியதில்லை. ஒப்பித்தல் போட்டிகள் நாவுக்கும் நினைவாற்றலுக்கும் நல்லவை, நானும் பிள்ளைகளை அனுப்பியிருக்கிறேன். அவற்றை நன்னெறிக் கல்வியின் கணக்கில் சேர்ப்பதைத்தான் ஏற்க முடியவில்லை.

மறைமுகச் செலவுகள் இரண்டு. முதலாவது எல்லாரும் அறிந்தது: அரையாண்டுத் தேர்வு நெருங்கும்போது முதலில் பறிபோவது இந்தப் பாடவேளைதான். வாரப் பாடவேளை குறைவாக உள்ள ஆசிரியரின் கணக்கை நிரப்ப இதை அவர் தலையில் கட்டும் வழக்கமும் உண்டு; விருப்பமில்லாமல் வருபவர் எடுக்கும் நீதி வகுப்பு, இல்லாததைவிடத் தீங்கானது, ஏனென்றால் நல்லவை என்றாலே சலிப்பு என்ற எண்ணத்தை அது பிள்ளைகளிடம் விதைத்துவிடுகிறது.

இரண்டாவது செலவு நம் மாவட்டத்துக்கே உரியது, அதைப் பற்றி வெளிப்படையாகப் பேசுபவர் குறைவு. திருச்சபைகள் நடத்தும் உதவிபெறும் பள்ளிகள் சிலவற்றில், நன்னெறிப் பாடவேளை வந்ததும் கிறிஸ்தவப் பிள்ளைகள் மறைக்கல்விக்கு (தங்கள் சமயப் பாடத்துக்கு) ஓர் அறைக்குப் போகிறார்கள். ஏனைய பிள்ளைகள் நீதிபோதனைக்கு இன்னோர் அறைக்குப் போகிறார்கள். பெற்றோரின் இசைவைப் பெற்று முறையாகச் செய்தால் இதில் சட்டச் சிக்கல் இல்லை. நிர்வாகத்தின் நோக்கத்தையும் நான் குறைகூறவில்லை. ஆயினும், வாரம் முழுவதும் ஒன்றாக உட்கார்ந்து கணக்கும் அறிவியலும் படித்த பிள்ளைகள், நல்லது எது கெட்டது எது என்று பேசுகிற அந்த ஒரு மணி நேரத்தில் மட்டும் மதப்படி பிரிந்து எழுந்து போவதைக் கண்ட எவருக்கும் அதன் பொருள் விளங்கும். மறைக்கல்விக்கு ஞாயிற்றுக்கிழமை இருக்கிறது, கோயில்களில் நடக்கும் சமய வகுப்புகளுக்கு மாலை நேரம் இருக்கிறது. பள்ளியின் பாடவேளை எல்லாருக்கும் பொதுவாக இருக்கட்டும்.

பாடத்தோடு இணைத்தல்

விழுமியங்களைத் தனிப் பாடமாக்காமல் எல்லாப் பாடங்களிலும் ஊடாட விட வேண்டும் என்பது 2005-ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்டத்தை ஒட்டி வந்த அமைதிக்கான கல்வி ஆவணத்தின் நிலைப்பாடு. என் சாய்வும் இதன் பக்கமே. தமிழ், சமூக அறிவியல், அறிவியல் வகுப்புகளில் பிள்ளைகள் பிரிந்து உட்காருவதில்லை. ஆகவே முதல் அளவுகோலை இவ்வழி கேள்வியின்றிக் கடக்கிறது.

இதற்கான பொருள் எங்கே என்று கேட்பவர்களுக்கு நம் மாவட்டமே விடை. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் தீண்டாமை ஒரு பாவச்செயல், ஒரு பெருங்குற்றம், மனிதத்தன்மையற்ற செயல் என்ற வாசகம் அச்சிடப்பட்டிருக்கும். பிள்ளைகள் அதைப் புரட்டிக்கொண்டு போய்விடுவார்கள். அந்தப் பக்கத்தில் ஒருநாள் நின்று, சுசீந்திரம் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடக்கும் உரிமைக்காக 1926-இல் டாக்டர் எம்பெருமாள் நாயுடு தலைமையில் சத்தியாகிரகம் நடந்ததையும், 1936 நவம்பரில் திருவிதாங்கூர் மன்னர் கோயில் நுழைவு அறிக்கையை வெளியிட்ட பிறகே நிலைமை மாறியதையும் சொன்னால், பேருந்தில் நாள்தோறும் கடந்து போகிற தெரு அவர்களுக்கு வேறாகத் தெரியும். சாமிதோப்பில் அய்யாவழியைத் தோற்றுவித்த வைகுண்டர் எல்லாச் சாதியாரும் நீர் எடுக்கும் பொதுக் கிணற்றை ஏற்படுத்தியது அதற்கும் ஒரு நூற்றாண்டு முந்தையது.

தோள்சீலைப் போராட்டத்தை மட்டும் சற்று விரித்துச் சொல்ல விரும்புகிறேன். 1820களில் கல்குளம், விளவங்கோடு பகுதிகளில் தொடங்கிய அந்தப் போராட்டத்தின் முடிவில், 1859 ஜூலை 26 அன்று மன்னர் உத்திரம் திருநாள் வெளியிட்ட அறிக்கை நாடார் பெண்கள் மேலாடை அணியலாம் என்றது, ஆனால் உயர்சாதிப் பெண்கள் அணியும் முறையில் அணியக்கூடாது என்றும் சேர்த்துச் சொன்னது. அந்த ‘ஆனால்’ ஏன் வந்தது, யாரைச் சமாதானப்படுத்த வந்தது, நிபந்தனையோடு தரப்படும் உரிமையை ஏற்றுக்கொள்வதா மறுப்பதா என்ற கேள்விகளுக்குப் பதினான்கு வயதுப் பிள்ளைகள் சொல்லும் பதில்கள், நான் அறிந்த எந்த நீதிக் கதையும் தராத ஆழத்துக்குப் போகின்றன. இதைப் பாடநூல் தானாகக் கொண்டுவந்து தரும் என்று காத்திருக்க முடியாது. இவ்வரலாற்றைச் சொன்ன பகுதியைச் சிபிஎஸ்இ 2016-இல் ஒன்பதாம் வகுப்புத் தேர்வுப் பகுதியிலிருந்து விலக்கியது. 2019-இல் அது இடம்பெற்ற ஆடை வரலாற்றுப் பாடத்தையே என்சிஇஆர்டி நீக்கிவிட்டது. உள்ளூர்ப் போராட்டம் உள்ளூர்ப் பிள்ளைக்குப் போய்ச் சேர்வது உள்ளூர் ஆசிரியரின் பொறுப்பாகிவிட்டது.

வரலாறு மட்டும்தான் என்றில்லை. பேச்சிப்பாறை அணையில் திறக்கும் தண்ணீர் கடைமடை வயலுக்கு வராமல் போவது ஏன் என்ற புவியியல் கேள்வியில், மேலே இருப்பவன் எவ்வளவு எடுக்கலாம் என்ற நியாயத்தின் கேள்வியும் இருக்கிறது. 2017 நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கிப் புயலில் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை போன்ற கடற்கரை ஊர்கள் இழந்ததை, மேட்டுப் பகுதிப் பிள்ளைகள் எவ்வளவு அறிவார்கள் என்று வானிலைப் பாடத்தின் நடுவே கேட்டுப் பார்க்கலாம்.

இவ்வழியின் செலவு முழுவதும் ஆசிரியரின் தலையில் விழுகிறது. அது ரூபாயில் இல்லை. தயாரிப்பில் இருக்கிறது, துணிவிலும் இருக்கிறது. சாதி பற்றிய வரலாற்றைப் பேசும்போது ஒடுக்கியவர்களின் வழிவந்த பிள்ளையும் ஒடுக்கப்பட்டவர்களின் வழிவந்த பிள்ளையும் எதிரே உட்கார்ந்திருப்பார்கள். ஒருவரைக் குற்றவாளியாகவும் மற்றவரை இரக்கத்துக்குரியவராகவும் ஆக்காமல் பேசுவதற்குப் பயிற்சி வேண்டும். நம் எல்லைக்கு அப்பால், அருகிலேயே உள்ள நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் பள்ளி மாணவர் ஒருவர் சக மாணவர்களால் வீட்டுக்குள் வெட்டப்பட்ட பிறகு, ஓய்வுபெற்ற நீதிபதி சந்துருவின் ஒருநபர் குழு 2024 ஜூனில் அளித்த அறிக்கை, சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளையும் மோதிரங்களையும் நெற்றி அடையாளங்களையும் பள்ளியில் தடுக்கப் பரிந்துரைத்தது. கயிற்றை அவிழ்க்கச் சொல்வது எளிது, ஏன் அவிழ்க்க வேண்டும் என்ற உரையாடலை நடத்துவதே கடினம். அதை நடத்தும் ஆசிரியருக்குத் தலைமையாசிரியரின் துணை எழுத்திலேயே இருப்பது நல்லது.

இன்னொரு குறையும் உண்டு: பதிவேட்டில் காட்ட எதுவும் இராது. ஆய்வுக்கு வரும் அலுவலர் நன்னெறி வகுப்பு எங்கே என்று கேட்டால் பாடக்குறிப்பைத்தான் காட்ட வேண்டும். ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும் ‘இதிலிருந்து நாம் கற்கும் நீதி’ என்று ஒரு வரியை ஒட்டுவதே இணைத்தல் என்று எண்ணிவிடுபவர்களும் இருக்கிறார்கள். அந்த வரி பிள்ளைகள் யோசிக்கத் தொடங்கும் முன்பே பேச்சை முடித்து வைத்துவிடுகிறது.

மன்றங்களும் செயல்பாடுகளும்

சாரண சாரணியர் இயக்கம், ஜூனியர் ரெட் கிராஸ், தேசிய பசுமைப் படை, மேல்நிலையில் நாட்டு நலப்பணித் திட்டம் ஆகியவை நெடுநாளாக உள்ளவை. 2024 நவம்பரில் அரசுப் பள்ளிகளில் தொடங்கிய மகிழ் முற்றம், பிள்ளைகளைக் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்ற குழுக்களாகப் பிரிக்கிறது. சாதி, மதம், ஊர் எதையும் பாராமல் அமையும் குழுவில் பிள்ளை ஓராண்டு இருக்கிறது என்பதே இவ்வழியின் பெருமை. நாட்டு நலப்பணித் திட்டத்தின் ஏழு நாள் முகாமில் ஒன்றாகச் சமைத்துச் சாப்பிட்டு ஒரே கூரையின் கீழ் தூங்கிய பிள்ளைகளிடம் சமத்துவம் பற்றித் தனியாக வகுப்பெடுக்க வேண்டிய தேவை குறைந்துவிடுகிறது.

செலவில்லாத ஒரு செயல்பாட்டை இங்கே குறிப்பிட வேண்டும். நேர்மை அங்காடி பல பள்ளிகளில் நடப்பதுதான்: தாழ்வாரத்தில் ஒரு மேசை, அதில் பேனா, பென்சில், ரப்பர், ஸ்கேல், கோடு போட்ட தாள், சுவரில் விலைப்பட்டியல், காசு போட ஒரு டப்பா, காவலுக்கு ஆள் இல்லை. நான் பணியாற்றிய பள்ளியில் மாலையில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளே காசை எண்ணிச் சரக்கோடு ஒத்துப் பார்ப்பார்கள். ஒருமுறை காசு குறைந்தபோது, அங்காடியை மூடிவிடலாம் என்றும், சிசிடிவி வைக்கலாம் என்றும், குறைந்ததை எல்லாரும் பங்கு போட்டுக் கட்டலாம் என்றும் வகுப்பில் வாதம் நடந்தது. அதுவரை பேசாதிருந்த ஒரு பெண் பிள்ளை, “சார், பரீட்சை அன்னைக்குக் காசில்லாம வந்தவ என்ன செய்யும்?” என்று கேட்டாள். அந்தக் கேள்விக்குப் பிறகு டப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு நோட்டு வந்தது. காசு இல்லாதவர்கள் பெயர் எழுதாமல், எடுத்த பொருளை மட்டும் எழுதிவிட்டுப் பிறகு கட்டலாம் என்று பிள்ளைகளே முடிவுசெய்தார்கள். குறைவு அடியோடு நிற்கவில்லை. ஆனால் கள்ளாமை பற்றி நான் எத்தனை பாடவேளை பேசியிருந்தாலும் அந்த நோட்டு வந்திருக்காது.

மன்றங்களின் மறைமுகச் செலவைப் பெற்றோர் அறிவார்கள்: சாரணர் சீருடை, தொப்பி, முகாமுக்கான பயணம், சாப்பாட்டுப் பணம். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளே கடைசிவரை நிலைத்து மாநில அளவிலான சாரணர் விருதான ராஜ்ய புரஸ்கார் சான்றிதழ் வரை போகிறார்கள் என்றால், சேவை கற்பிக்கும் அமைப்பே பிள்ளைகளைப் பணத்தால் பிரித்துவிடுகிறது. நாளைத் தேர்வதிலும் கவனம் வேண்டும். ஞாயிறு காலை வைத்தால் கிறிஸ்தவப் பிள்ளைகளும் பதிக்கு (தங்கள் வழிபாட்டிடத்துக்கு) போகும் அய்யாவழிக் குடும்பத்துப் பிள்ளைகளும் வரமாட்டார்கள். வெள்ளி நண்பகல் வைத்தால் முஸ்லிம் மாணவர்கள் ஜும்ஆ தொழுகைக்குப் போய்விடுவார்கள். சனிக்கிழமை ஒன்றே எல்லாருக்கும் ஒத்துவரும். பொறுப்பாசிரியருக்கு வேறு பாடவேளைகளைக் குறைக்காமல் மன்றத்தை மட்டும் கூடுதலாகச் சுமத்தினால், அவர் மாறுதலாகிப் போகும் நாளில் மன்றமும் போய்விடும்.

வெளி அமைப்புகளும் பேச்சாளர்களும்

கன்னியாகுமரியில் தலைமையிடம் கொண்ட விவேகானந்த கேந்திரம் முதல் மறைமாவட்டங்களின் கல்வி அமைப்புகள் வரை, இளைஞர் பண்புப் பயிற்சியில் ஈடுபடும் அமைப்புகளுக்கு இம்மாவட்டத்தில் பஞ்சமில்லை. உலக அளவிலும் ஆயத்தப் பயிற்சிகள் கிடைக்கின்றன. 1990களில் உருவான ‘லிவிங் வேல்யூஸ்’ திட்டம் அமைதி, மரியாதை, அன்பு, ஒத்துழைப்பு, நேர்மை, பணிவு, பொறுப்பு, எளிமை, சகிப்புத்தன்மை உள்ளிட்ட 12 விழுமியங்களை எடுத்துக்கொண்டு, 3 முதல் 7 வயது, 8 முதல் 14 வயது, இளையோர் என்று தனித்தனிப் பயிற்சிகளை வகுத்துள்ளது. தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள் அதிலுள்ள விளையாட்டுகளையும் வரையும் பயிற்சிகளையும் தமிழாக்கிப் பயன்படுத்தலாம். எந்த அமைப்பிடமிருந்து வருவதானாலும், அதன் பின்னணியை அறிந்து, வழிபாட்டையோ குறிப்பிட்ட தியான முறையையோ ஒட்டிய பகுதி இருந்தால் விலக்கிவிட்டு எடுத்துக்கொள்வது நம் பொறுப்பு.

நேரடியாக மாணவர்முன் பேச்சாளரை நிறுத்துவதில்தான் எனக்குப் பெருந்தயக்கம். 2024 செப்டம்பரில் சென்னையில் ஓர் அரசுப் பள்ளிக்கு அழைக்கப்பட்ட பேச்சாளர், மாற்றுத்திறனும் வறுமையும் முற்பிறவி வினையால் வருபவை என்ற கருத்தை மாணவர்களிடம் பேசியதையும், பார்வைத்திறன் இல்லாத ஆசிரியர் ஒருவர் அங்கேயே அதை எதிர்த்துக் கேட்டதையும் தமிழ்நாடு முழுவதும் பார்த்தது. அவர் பேசிய இரண்டு பள்ளிகளின் தலைமையாசிரியர்கள் இடமாற்றம் செய்யப்பட்டார்கள். இலவசமாக வரும் பேச்சின் விலை இவ்வளவு பெரிதாக இருக்கக்கூடும். விபத்தொன்றும் நேராத இடங்களிலும், கைதட்டலும் புகைப்படமும் முடிந்தபின் மறுநாள் வகுப்பில் அதைப்பற்றிப் பேச ஒருவரும் இருப்பதில்லை.

ஆசிரியருக்கே அறிவு போதாத பொருள்களுக்கு வெளியாரைத் தாராளமாக அழைக்கலாம்: போதைப்பொருள் தடுப்புக்குக் காவல்துறையினர், குழந்தைப் பாதுகாப்புக்கும் 1098 உதவி எண் பற்றிய விளக்கத்துக்கும் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகினர், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் பற்றிப் பேச வழக்கறிஞர். மற்றவற்றுக்கு அந்த அமைப்புகளை மாணவர்களுக்குப் பதிலாக ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரச் சொல்லி அழைப்பதே மேல்.

எந்தப் பள்ளிக்கு எது

எட்டாம் வகுப்பு வரை மட்டும் உள்ள அரசு நடுநிலைப் பள்ளியில், ஆறு முதல் எட்டு வரையான வகுப்புகளுக்கு, ஆசிரியர் எண்ணிக்கை குறைவாக இருந்தாலும், குறளை வைத்து வாரம் ஒரு பாடவேளை நடத்துவதே நடைமுறைக்கு ஏற்றது. நேர்மை அங்காடியை அதன் செய்முறையாக வைத்துக்கொள்ளலாம். உரையாடலை விரும்பும் ஓர் ஆசிரியரிடம் அதைக் கொடுத்து, அவரைத் தேர்வுக் காலத்திலும் தொந்தரவு செய்யக்கூடாது.

ஒன்பது, பத்தாம் வகுப்புகளில் தனிப் பாடவேளை பெயரளவில்தான் இருக்கும் என்பதை ஒப்புக்கொண்டு, சமூக அறிவியல், தமிழ் ஆசிரியர்கள் இருவர் கூடி, ஆண்டுக்கு ஐந்தாறு பாடங்களை மட்டும் தேர்ந்து அவற்றில் உள்ளூர் வரலாற்றையும் விவாதத்தையும் இணைப்பது நல்லது. எல்லாப் பாடத்திலும் இணைக்கப் புறப்பட்டால் எதிலும் இணையாது. மேல்நிலை வகுப்புகளுக்கு நாட்டு நலப்பணித் திட்டம் இருக்கும் பள்ளி அதை வலுப்படுத்தினாலே போதும்.

மறைக்கல்வியையும் நீதிபோதனையையும் ஒரே நேரத்தில் வைத்திருக்கும் உதவிபெறும் பள்ளிகளுக்கு என் பரிந்துரை, அந்தப் பாடவேளையை இரண்டாகப் பகுக்காமல் பொது வகுப்பாக ஆக்கிவிட்டு, மறைக்கல்வியைப் பள்ளி நேரத்துக்கு வெளியே நகர்த்துவதே. உடனடியாக இயலாது என்றால் மாதத்தில் இரண்டு வாரமாவது எல்லாப் பிள்ளைகளையும் ஒரே அறையில் உட்காரவைத்து, சமய ஆசிரியரும் நீதிபோதனை ஆசிரியரும் சேர்ந்து நடத்தலாம். மீதி வாரங்களின் மறைக்கல்விக்குப் பெற்றோரின் இசைவுக் கடிதத்தைச் சேர்க்கையின்போதே எழுத்தில் வாங்கி வையுங்கள். விருப்பமில்லை என்று சொல்ல ஒரு கட்டமும் அந்தப் படிவத்தில் இருக்க வேண்டும். மன்றப் பொறுப்பாசிரியருக்கு வாரம் இரண்டு பாடவேளையாவது குறைத்துக் கொடுப்பதையும் கால அட்டவணை இறுதியாகும் முன்பே தலைமையாசிரியரிடம் கேட்டுப் பெற்றுவிடுங்கள். ஜூலையில் கேட்டால் எங்கும் இடமிருக்காது.